தாய்மையின் துதியும் மருத்துவச்சியின் மறைவும்

ஆகஸ்டு முதல் வாரம் வந்தால் நம் ஊர்களில் ஒரு சடங்கு தவறாமல் நடக்கிறது. செவிலியர் கல்லூரி மாணவியர் பதாகை ஏந்தி நடக்கிறார்கள். ஓர் அதிகாரி கொடியசைக்கிறார். உறுதிமொழி வாசிக்கப்படுகிறது. மறுநாள் இணைப்பிதழ்களில் தாய்ப்பாலின் மகத்துவம் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் எங்கேனும் ஓரிடத்தில் அந்த வரி இருக்கும்: அழகு கெட்டுவிடும் என்று அஞ்சி இக்காலத்துப் பெண்கள் பாலூட்ட மறுக்கிறார்கள். எழுதியவர் பெரும்பாலும் ஆண். சிற்றிதழ்க்காரர்களான நாமும் இதற்கு விலக்கல்ல. நம் வரி சற்று அலங்காரமாக இருக்கும், ‘நவீனத்துவம் தாய்மையின் ஊற்றை வற்றச்செய்துவிட்டது’ என்பதுபோல. இரண்டும் ஒரே அவதூறுதான் என்பது என் தரப்பு.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். இலக்கிய வாசகர்களுக்கு எண்கள் அலுப்பூட்டும் என்று தெரியும், இருந்தாலும் இந்த விஷயத்தில் அவை கவிதைகளைவிட நேர்மையானவை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் புகட்டப்பட்ட குழந்தைகள் 60.2 விழுக்காடு. இந்திய அளவில் இது 41.8 மட்டுமே. இதுவரை நாம் மார்தட்டிக்கொள்ளலாம். அடுத்த எண்ணில்தான் சறுக்கல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே அருந்துவோர் இந்திய அளவில் 63.7 விழுக்காடு, தமிழ்நாட்டில் 55.1. வீட்டுப் பிரசவம் இன்னும் மிச்சமிருக்கும் மாநிலங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியைவிட, ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களையும் மருத்துவமனைக்குள் கொண்டுவந்த மாநிலம் கீழே நிற்கிறது.

அழகு பற்றிய அச்சம்தான் காரணம் என்றால் அது முதல் மணி நேரத்திலேயே அல்லவா தலைகாட்டியிருக்க வேண்டும்? முதல் மணி நேரத்தில் தாயின் பக்கத்தில் ஒரு செவிலி நிற்கிறாள், குழந்தையை எடுத்து மார்பில் வைக்கிறாள். அந்தக் கை இருக்கும்வரை நாம் முன்னணியில் இருக்கிறோம். அது விலகிய பிறகு பின்தங்குகிறோம். இந்த இரு எண்களுக்கு இடையில் நான் வாசிப்பது இதைத்தான். வேறு காரணங்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. தறிக்கூடத்திலும் கொலுசுப் பட்டறையிலும் கூலிக்குப் போகும் சேலத்துப் பெண்ணுக்கு, 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சட்டம் தரும் 26 வார விடுப்பு வெறும் காகிதம். ஆனால் நாற்பது நாள் வாசற்படி தாண்டாமல், வேளாவேளைக்குப் பூண்டும் பால்சுறாவும் சமைத்துப் போடப்படும் வசதியான வீடுகளிலும் மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பால்பவுடர் டின் வந்துவிடுகிறதே, அதை எந்தக் கூலி வேலையைச் சொல்லி விளக்குவது?

நம் மரபு இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான வேலையைச் செய்து வைத்திருக்கிறது. பாலைப் போற்றியது, பாலூட்டுதலைக் கண்டுகொள்ளவில்லை. புறநானூற்றின் 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் போரில் புறமுதுகிட்டான் என்றால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்கிறாள். சீர்காழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டுகிறாள். திரைப்படத்தில் ‘உன் தாய்ப்பாலைக் குடித்தவனாக இருந்தால்’ என்று வில்லனிடம் சவால் விடுகிறார்கள். மார்பு நம்மிடம் வீரத்துக்கும் ஞானத்துக்கும் ரோஷத்துக்கும் குறியீடு. அந்த மார்பின் காம்பு வெடித்து, ஒவ்வொரு முறை குழந்தை வாய் வைக்கும்போதும் தாய் பல்லைக் கடித்துக்கொள்வதும், பால் கட்டிக் கல்லாகிக் காய்ச்சலில் விழுவதும், நள்ளிரவில் ‘எனக்குத்தான் பாலில்லையோ’ என்று அவள் விசும்புவதும் நம் இலக்கியத்தில் எத்தனை பக்கம் தேறும்? மருத்துவச்சியின் நிலை இன்னும் மோசம். கதையின் நெருக்கடியான கட்டத்தில் வெந்நீர் கேட்டபடி உள்ளே போவாள், குழந்தையின் அழுகுரலோடு கதையை விட்டே வெளியேறிவிடுவாள். விதிவிலக்காக எனக்கு உடனே நினைவு வருவது பாமாவின் ‘சங்கதி’ (1994). கதைசொல்லியின் பாட்டி வெள்ளையம்மா ஊரில் பிரசவம் பார்ப்பவள். மேல்சாதி வீடுகள் மட்டும் அவளைக் கூப்பிடுவதில்லை என்ற தகவலும் அங்கேயே இருக்கிறது.

சாதியைப் பேசாமல் மருத்துவச்சியைப் பேச முடியாது. கொங்குச் சமவெளியில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். அச்சமூகத்துக்கு ‘மருத்துவர்’ என்ற பெயர் வழங்குவதே இந்தத் தொழிலின் தடயம். மற்ற நாட்களில் வாசலோடு நின்றவள், வலி கண்ட இரவில் மட்டும் உள்ளறைக்குள் அழைக்கப்பட்டாள். தீட்டைத் தொடுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கூலி சில படி தானியம், ஒரு பழஞ்சேலை. இப்படிப்பட்ட ஒரு வேலையைப் பொற்காலம் என்று பாட எனக்கு வாய் வராது.

ஆனால் அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியை அவள் சாதியோடு சேர்த்துப் புதைத்துவிட்டோம். குழந்தையின் வாயில் காம்பு மட்டும் போனால் புண்ணாகும், காம்பைச் சுற்றிய கருவளையமும் போக வேண்டும் என்பதை அவள் பாடமாகச் சொன்னதில்லை, குழந்தையின் பிடரியைப் பிடித்து வாகாகத் திருப்பிக் காட்டினாள். உட்காரத் தெரியாத தலைச்சன்காரியின் முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பால் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, கையால் நீவிப் பீய்ச்சிவிட்டாள். சப்ப வலுவில்லாத குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டினாள். மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்று பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் பார்க்கலாம், எடை குறைந்த குழந்தைகளுக்கு அதில்தான் புகட்டுகிறார்கள். குழந்தை இறந்துபோன வீட்டில் பாலை வற்றவைக்க மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் இதைப் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். பால் வற்றுவதில் மல்லிகையும் மாத்திரைக்கு ஈடுகொடுத்தது. பால் வரவழைக்கவும் நிறுத்தவும் தெரிந்திருந்த ஒரு கைக்கு நாம் ‘படிக்காதவள்’ என்று பெயர் வைத்தோம்.

அதே கை தவறும் செய்தது. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொன்னது. சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவியது. கழுதைப்பால் சங்குக்கும் உரைமருந்துக்கும் தலையாட்டியது. தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கத்தியால் அறுத்ததில் எத்தனை குழந்தைகள் ஜன்னி கண்டு இறந்தன என்பதை நம் பாட்டிகள் சொல்வார்கள். ‘மரபுவழிப் பிரசவம்’ என்று இன்று கிளம்பியிருக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் இணையக் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற இளம்பெண் குருதிப்போக்கில் இறந்துபோனாள். மருத்துவமனையை விட்டு வெளியே வாருங்கள் என்று அழைக்க நான் இதை எழுதவில்லை. மருத்துவமனைக்குள் போனபோது நாம் எதை வாசலில் விட்டுவிட்டுப் போனோம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் என்றொரு பகுதி உண்டு. சாரதா கல்லூரிச் சாலையும் அதன் கிளைத்தெருக்களுமாக, மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் மருந்துக்கடைகளும் அடுத்தடுத்து நிற்கும் இடம். ஓமலூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கடன் வாங்கியாவது பிரசவத்துக்கு இங்கே வருகிறார்கள். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடு அறுவைச் சிகிச்சை என்கிறது மேற்சொன்ன கணக்கெடுப்பு. எல்லா மருத்துவமனைகளையும் சேர்த்தால் 44.9. அந்த அறுவைகளில் எத்தனை தேவையானவை என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை, அது தனியாகப் பேச வேண்டியது. அறுவைக்குப் பிறகான மூன்று நாட்களைத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் சுரப்பது சீம்பால். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியளவு இருந்தாலே அதிகம். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். பால் பெருகி மார்பு கனப்பது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், அறுவை முடிந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகலாம். இதற்குள் குழந்தையின் எடை 100க்கு 7 வரை குறைவது வழமையானது, பத்துப் பதினைந்து நாளில் மீண்டுவிடும். குழந்தை சப்பச் சப்பத்தான் சுரப்பு கூடும், சப்பாவிட்டால் குறையும். மொத்த ரகசியமும் இவ்வளவே. இதை அறிந்த ஒருத்தி அந்த மூன்று இரவுகளிலும் பக்கத்தில் இருந்து ‘பொறு கண்ணு, வரும்’ என்று சொல்லி, தையல் வலியில் புரள முடியாதவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழந்தையை அக்குளுக்கடியில் அணைத்துப் பிடித்துக் கொடுத்தால் பெரும்பாலான தாய்மார்கள் கரையேறிவிடுவார்கள்.

நடப்பது என்ன? என் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் இரண்டாம் இரவை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், பெயரை மாற்றினாலும் காட்சி மாறாது. குழந்தை அழுதது. மாமியார் ‘பால் பத்தலை’ என்றார். இரவுப் பணிச் செவிலி மார்பை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ‘பால் வரலையே’ என்றாள். அவள் பொறுப்பில் அந்த இரவு இருந்த அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், அவள்மீது கோபம் வரவில்லை. துண்டுச்சீட்டு எழுதப்பட்டது. பத்து நிமிடத்தில் கீழே மருந்துக்கடையிலிருந்து டின் வந்தது. வயிறு நிறைந்த குழந்தை தூங்கியது, சப்பவில்லை. மறுநாள் பால் இன்னும் குறைந்தது. பத்தாம் நாள் அந்தப் பெண் ‘எனக்குப் பாலே இல்லை’ என்று நம்பத் தொடங்கியிருந்தாள். அதன்பின் அவளைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் அவளுடைய விரதத்தையும் வேலையையும் படிப்பையும் குறைசொன்னார்கள். அழகைப் பற்றியும் ஒருவர் சொன்னார்.

குழந்தை உணவுப் பொருட்களின் விளம்பரத்தைத் தடுக்க 1992இல் சட்டம் வந்தது, 2003இல் இறுக்கப்பட்டது. டின்னுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, தாய்க்கு மாதிரிப் பொட்டலம் கொடுக்கக்கூடாது, மருத்துவப் பணியாளருக்குப் பரிசு தரக்கூடாது. உலக அளவில் பார்த்தாலும் கறாரான சட்டம்தான். ஆனால் மேலே சொன்ன இரவில் யாரும் அந்தச் சட்டத்தை மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரம் தேவைப்படவே இல்லை. ஆளில்லாத அறையில் டின் தானாக நுழைந்துகொள்கிறது.

அந்த அறையில் ஆள் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1854இல் சென்னை மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1926இல் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவுசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. விடுதலைக்குப் பின் ஊருக்குள் வந்த அரசுப் பணியாளரின் பதவிப்பெயர் ‘துணைச் செவிலியர், மருத்துவச்சி’. பிற்பாடு அதுவே ‘கிராம சுகாதாரச் செவிலியர்’ ஆனது. பெயரிலிருந்து மருத்துவச்சி உதிர்ந்தாள், வேலையிலிருந்தும் மெல்ல உதிர்ந்தாள். இன்று அந்தச் செவிலியர் தடுப்பூசிக் கணக்குக்கும் பிக்மி எண் பதிவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார். தனியார் மருத்துவமனைச் செவிலியின் பட்டயத்தில் இன்னமும் ‘பொதுச் செவிலியம், மகப்பேற்றியல்’ என்றே அச்சிட்டிருக்கிறது. பின்பாதி வேலையைச் செய்ய அவளுக்கு நேரமும் இல்லை, செய் என்று சொல்வாரும் இல்லை. மருத்துவமனைகளை விட்டுவிட்டு வீடுகளைப் பார்த்தால், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வரும் வயதான ஆயா ஒருத்தி இருக்கிறாள். ஃபேர்லேண்ட்ஸ் பங்களாக்களிலும் வருகிறாள். மருத்துவச்சியின் கடைசி எச்சம் அவள்தான். வேலைக்காரி கணக்கில் சேர்த்து, பின்வாசல் வழியாக அனுப்புகிறோம்.

சேலத்துக்காரர்கள் இன்னொன்றையும் பேசியாக வேண்டும். மருத்துவச்சி என்றதும் இந்த மாவட்டத்தில் பலருக்கு நினைவு வருவது கள்ளிப்பால். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். அந்த ஆண்டுகளின் செய்திகளில் மருத்துவச்சி பலமுறை கொலைகாரியாக வருகிறாள். சிலர் அதைச் செய்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. முடிவெடுத்தது வீடு, நிலமும் வரதட்சணையும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன. பின்னர் அதே முடிவை ஸ்கேன் அறையில் எடுத்தபோது நமக்கு அது காட்டுமிராண்டித்தனமாகத் தெரியவில்லை, மருத்துவச்சியின் அழுக்குக் கை அதில் இல்லையல்லவா. அந்த வீடுகளிலும் மூன்றாம் நாள் பால் சுரந்திருக்கும். உடலுக்குக் குழந்தை இல்லை என்பது தெரியாது. அந்தத் தாய்களின் மார்பில் மல்லிகைச் சரம் கட்டியது யார், அப்போது அந்த இரு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள்? இதை எழுதும் ஒரு நாவலாசிரியனுக்காகக் காத்திருக்கிறேன். தாய்மையின் துதியில் தோய்ந்தவனால் அதை எழுத முடியாது.

தீர்வு என்று கேட்டால் கடல் கடந்து கொஞ்ச தூரம்தான் போக வேண்டும். மருத்துவச்சி என்ற சொல்லை நாம் வசையாக்கிக்கொண்டிருந்தபோது இலங்கைத் தமிழர் ‘மருத்துவமாது’ என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னை மாகாணம் பதிவுச் சட்டம் போட்ட அதே 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்தது அவர்களுடைய பொதுச் சுகாதார மருத்துவமாது சேவை. பிரசவம் மருத்துவமனையில்தான். ஆனால் தாய் வீடு திரும்பியதும் அந்தப் பகுதியின் மருத்துவமாது படியேறி வருகிறார், குழந்தை எப்படிப் பால் குடிக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கிறார். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகள் 82 விழுக்காடு. போரும் வறுமையும் கண்ட நாடு அது. நம்மைவிடப் பணக்கார நாடு என்ற சாக்கு இங்கே செல்லாது. நெதர்லாந்தில் ஒரு வாரத்துக்கு மேல் பயிற்சி பெற்ற உதவியாளர் வீட்டிலேயே கூட இருக்கிறார் என்பதைச் சொன்னால் ஐரோப்பா என்று ஒதுக்கிவிடுவீர்கள், ஆகவே இலங்கையோடு நிறுத்துகிறேன்.

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். தெலங்கானா 2017இல் செவிலியர்களுக்கு மகப்பேற்றியலில் தனிப்பயிற்சி தொடங்கியது. 2018இல் ஒன்றிய அரசு 18 மாதப் பயிற்சியோடு மருத்துவச்சிப் பணிக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அது அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறையை மனதில் வைத்து எழுதப்பட்டது, ஃபேர்லேண்ட்ஸின் இரண்டாம் இரவு அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நல்ல காரியம். ஆனால் பேருந்து நிலையத்துக்குக் குழந்தையோடு வரும் பெண் ஏற்கெனவே பாலூட்டக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொள்ள முடியாமல் போனவள் கைப்பையில் புட்டியோடு அந்த அறையைக் கடந்து போகிறாள்.

செசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட மகப்பேறு பற்றிய நூலில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே ‘குழந்தை நேய’ மருத்துவமனைகளையும் ‘கெட்ட தாய்மார்’களையும் அருகருகே வைக்கிறது. ஏழைத் தாயை அறியாமைக்காக ஏசியது அன்றைய வழக்கம். இன்று படித்த தாயைச் சுயநலத்துக்காக ஏசுகிறோம். ஏசும் வாய்க்கு எப்போதும் ஒரு தாய் தேவைப்படுகிறாள்.

தனியார் மருத்துவமனைகளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று மருத்துவ நண்பர் ஒருவர் சொன்னார். அறுவைக்கும் அறை வாடகைக்கும் மயக்க மருந்துக்கும் தனித்தனி வரி போட்டு ரசீது தருகிற இடத்தில், இரவில் பாலூட்டக் கற்றுத்தர மட்டுமே ஒருத்தியை அமர்த்தி அதற்கும் ஒரு வரி சேர்த்தால் எந்தக் குடும்பம் மறுக்கும் என்று கேட்டேன். அரசுக்கு இன்னும் எளிது: மகப்பேற்றியல் பிரிவுக்கு உரிமம் கேட்கும் ஒவ்வொரு மருத்துவமனையிடமும், படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப இத்தனை மருத்துவச்சிகள் இரவுப்பணியில் இருக்க வேண்டும், தாய் வீடு திரும்பிய முதல் வாரத்தில் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசித் தேதியைக் குறித்துத் தரும் அட்டையில் அவள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத இடமிருக்கிறது. நண்பர் யோசித்துவிட்டு, அந்த வேலைக்கு யார் வருவார்கள் என்றார். அவருடைய மருத்துவமனையிலேயே பதிவேட்டில் ‘செவிலியர், மருத்துவச்சி’ என்று பதிவுபெற்ற பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.